முரண்டு பிடிக்காத விமானம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நான் வேலையை விட்டு நின்ற அன்று நம் முதலாளி குமரவேல் எல்லாரையும் உட்காரவைத்து, "மாஸ்டர் ரெண்டு வார்த்தை பேசுவாருங்க" என்றார். "எல்லாரும் நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு கேக்கை வெட்டினேன். நாலு பேர் சேர்ந்து முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதித் தருகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை, பத்தாவதோடு சரி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யும் வேலையை வீட்டில் கேட்டால் நீங்களும் என்னைப் போலத் திணறுவீர்கள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் இருக்கிறது. அதில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் சின்ன விமானங்களை நாம் பீளமேட்டில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் செய்து விற்கிறோம். எங்கெங்கோ இருப்பவர்கள் வாங்கி ஓட்டுகிறார்கள். அது நிஜ விமானம் போலவே நடந்துகொள்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. இனி உங்கள் வேலை.

எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று சுகன்யா உங்களுக்குச் சொல்லித் தருவார். அதில் நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நிஜம் போல இருக்கிறது என்று தோன்றும்போது நம் மனம் எந்த இடத்தில் வழுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளையின் படிப்பே அதில் நின்றுபோகப் பார்த்தது.

நான் விமானி இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுத்தவன். கூச்சப்படும் ஆளுக்கு அது நல்ல வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடி பேசினால் போதும், யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. குமரவேல் என்னிடம்தான் கார் பழகினார். சொந்தமாக ஆபீஸ் ஆரம்பித்தபோது என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க மாஸ்டர், வண்டி என்ன பண்ணுது, ஓட்டறவன் என்ன பண்றான்னு பிரிச்சுச் சொல்ல உங்களாலதானுங்க முடியும். அது காரா இருந்தா என்ன, ப்ளேனா இருந்தா என்னங்க?" என்றார். அது அவ்வளவு சுலபம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன், நாற்காலி என்னோடு சுவர் வரைக்கும் பின்னால் போனது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த செங்கல் இன்றும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துவிடாதீர்கள்.

நாங்கள் முதலில் வெளியிட்ட விமானத்தைப் பொம்மை என்று எழுதினார்கள். வாங்கியவர்கள் கூடிப் பேசும் இணையக் குழு ஒன்றில் ஒருவர் எழுதினார், அதை இருபது பேர் ஆமோதித்தார்கள். குமரவேல் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சுகன்யா மதுக்கரையிலிருந்து தினமும் வந்து போகிறவர். விமானம் காற்றில் எப்படி நடக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் கையில்தான். அவர் அந்த வார்த்தையை மறக்கவே இல்லை.

அடுத்து எடுத்தது, பறக்கும் பள்ளிகளில் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் இரண்டு சீட் விமானம். ஒரு பறக்கும் பள்ளிக்குப் போய் நிஜ விமானத்தைப் பார்த்தோம், அளந்தோம், சத்தத்தைப் பதிவு செய்தோம். எனக்கு ஒரு முறை பறக்கவும் வாய்த்தது. ஓட்டிக் காட்டியவர் அந்தப் பள்ளியின் பயிற்சியாளர், பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், என்னைவிட வெகு இளையவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மேலே போனதும், "ஸ்டால் காட்டட்டுங்களா?" என்றார். வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இறக்கை காற்றின் பிடியை விட்டுவிடும். அதைத்தான் ஸ்டால் என்பார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்து, அதிலிருந்து மீள்வதைப் பழக்குவார்கள். ஆனால் எனக்கு அதற்குள் வயிறு புரட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் முன்னால் வாந்தி எடுக்க வெட்கப்பட்டு, தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் வானத்தில் பார்த்தேன்.

விமானம் ஓரளவு தயாரானதும், வெளியிடுவதற்கு முன் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி அந்த இணையக் குழுவில் சிலருக்குக் கொடுத்தோம். ஸ்டாலைப் பற்றி ஒருவர், "நிஜ விமானம் இவ்வளவு சுலபமாக விடாது" என்று எழுதினார். சுகன்யா கணக்கைக் கொஞ்சம் இறுக்கினார். "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும்" என்றார் இன்னொருவர். இன்னும் இறுக்கினார். இப்படியே போய், கடைசியில் ஸ்டால் ஆனால் இடது இறக்கை தடாலென்று விழும், விமானம் தலைகீழாகிச் சுற்றிக்கொண்டே இறங்கும் என்று ஆனது. அதைப் பிடித்து நிமிர்த்துவதற்கு நல்ல சாமர்த்தியம் வேண்டும். எழுதியவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. "இதுதான் நிஜம்" என்று பாராட்டு வந்துகொண்டே இருந்தது. எங்களுக்கும் பிடித்துப்போயிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யார் சீக்கிரம் நிமிர்த்துவது என்று ஆபீஸில் போட்டி நடக்கும். கஷ்டமான ஒன்றை ஜெயித்தவனுக்கு அது பொய் என்று நினைக்க மனம் வராது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மானிட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தோம், விமானம் ஓட்டும் ஸ்டிக்குக்குச் செவ்வந்தி மாலை போட்டோம். பெடலுக்குக் குங்குமம் வைக்கலாமா, கால் படுமே என்று அரை மணி நேரம் வாக்குவாதம். தீபாவளிக்கு முன்னால் விமானத்தை வெளியிடுவது என்று குமரவேல் அறிவித்திருந்தார்.

அன்றைக்குத்தான் தாரணி வந்தாள். குமரவேலின் அக்கா மகள், ஊர் பல்லடம், வீட்டில் கோழிப்பண்ணை. அதே பறக்கும் பள்ளியில், அதே விமானத்தில், நான் சொன்ன அதே பயிற்சியாளரிடம் படித்துக்கொண்டிருந்தாள். ஏறுவது, திரும்புவது, இறங்குவது எல்லாம் பழகியாகிவிட்டது. விடுமுறை முடிந்து போனதும் ஸ்டால் பாடம்.

"மாமா, இங்கயே ஒருக்கா பழகிட்டுப் போறேனுங்க" என்று உட்கார்ந்தாள்.

"உட்காரு கண்ணு. உனக்காகத்தான செஞ்சுவெச்சிருக்கறேன்" என்றார் குமரவேல். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மூக்கைத் தூக்கினாள். இறக்கை விழுந்தது. சுற்றிக்கொண்டு போய்த் தரையில் மோதியது. சிரித்தாள். மறுபடியும் செய்தாள். மறுபடியும் மோதியது.

"எதிர்ப் பக்கத்துப் பெடலை மிதி அம்மணி. கொஞ்சம் முன்னாலயே" என்றார் சுகன்யா.

"மிதிச்சனுங்க."

"இன்னும் சீக்கிரமா."

நாலைந்து முறைக்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தேன். பழைய வேலையின் பழக்கம் அது. இரண்டு பெடலையும் சேர்த்து, விறைப்பாக மிதித்துக்கொண்டிருந்தாள். பயந்துபோனவர்கள் கிளட்சையும் பிரேக்கையும் அப்படித்தான் சேர்த்து அழுத்துவார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பினாள்.

மூன்று நாள் கழித்து குமரவேலுக்கு அக்காவிடமிருந்து போன். தாரணி பள்ளிக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்கிறாள், காரணம் கேட்டால் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறாள், இங்கேயே ஏதாவது காலேஜில் சேர்ந்துகொள்கிறாளாம். அக்காவின் வீட்டுக்காரர் போனை வாங்கி, "விடுங்க மாப்ள, கோழி எங்க பறக்குது? அது பாட்டுக்கு நல்லாத்தான இருக்குது. இவளும் இங்கயே இருந்துட்டுப் போறா" என்று வேடிக்கை போலப் பேசினாராம். பிளஸ் டூ படிக்கும்போதிருந்தே அவளுக்கு வேறு நினைப்பு கிடையாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இதையெல்லாம் குமரவேல்தான் என்னிடம் சொன்னார்.

"திடீர்னு என்ன ஆச்சுன்னே தெரியலீங்க மாஸ்டர்."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் இறுகிப்போன ஒரு பழைய வண்டி இருந்தது. இதில் பழகினால் எந்த வண்டியையும் ஓட்டலாம் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். அதில் பழகி நன்றாக ஓட்டியவர்களை எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரம் வந்துவிட்டு அப்புறம் வராமலே போனவர்களை யாரும் எண்ணவில்லை.

சுகன்யாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "அம்மணி, இந்த ஸ்டாலை நிஜத்துல பார்த்தவங்க யாருங்க நம்மள்ள?"

யோசித்தார். "நீங்கதான பறந்தீங்க?"

"நான் வேண்டாம்னுட்டேனுங்க."

"எழுதினவங்க இருக்காங்களே மாஸ்டர், இத்தனை பேரு."

"அவங்க இந்த விமானத்துல பறந்தவங்களா?"

அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். "நான் எதுக்கு? நீங்களே பேசுங்க. அவங்ககூட வானத்துக்கே போய்ட்டு வந்தவரு, போன் பேச வெக்கமாக்கும்?" என்று எண்ணைப் போட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டார். மறுமுனையில் குரல் கேட்டது. பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் விமானம் ஸ்டாலில் என்ன செய்கிறது என்று சொன்னேன்.

"எந்தப் பக்கத்து இறக்கை விழுதுங்க?"

"இடது பக்கமுங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதானுங்க. அப்புறம் சுத்துமுங்க."

அவர் சிரித்தார். "ஏனுங்க, அதை ஸ்டால் ஆக வைக்கறதுக்கே நாங்க கெஞ்சோணுமுங்க. நடுங்கும், மூக்கைத் தாழ்த்தும். பிடிச்ச பிடியைக் கொஞ்சம் விட்டா அதுவே பறக்க ஆரம்பிச்சுடுமுங்க. பெடலைக் கன்னாபின்னான்னு மிதிச்சாத்தான் இறக்கை விழும். விமானம் உன்னைக் கொல்லப் பார்க்கலைன்னு பசங்களுக்குப் புரியோணும், அதுக்குத்தானுங்க அந்தப் பாடமே."

தாரணி திரும்பி வராததற்குக் காரணம் தெரியாமல் அவரும் குழம்பிப்போயிருந்தார். சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

குமரவேலிடம் சொல்லப் போனபோது சுகன்யாவும் கூட வந்தார். குமரவேல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாரும் நல்லா இருக்குதுன்னு எழுதிப்போட்டாங்க மாஸ்டர். இப்பச் சாதுவா மாத்தினா மறுபடியும் பொம்மைம்பாங்க" என்றார்.

"சொல்லுவாங்க தம்பி."

"ஒருத்தி பயந்துட்டான்னு மாத்தறதா?"

"பயந்துட்டான்னு இல்லீங்க. பொய்யுங்க தம்பி. பொய்யைப் பார்த்து பயந்துட்டா."

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குமரவேல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே கடையில் யாரோ குழாய் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவர் சுகன்யாவிடம், "எவ்வளவு நாளாகும்?" என்று மட்டும் கேட்டார்.

பயிற்சியாளர் சொன்னதையும் விமானத்தின் கையேட்டையும் வைத்துக்கொண்டு சுகன்யா மாற்றினார். இறுக்கியதையெல்லாம் தளர்த்தவே இரண்டு நாள் ஆனது. அடுத்த நாள் லேப்டாப்பையும் ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பல்லடம் போனோம்.

தாரணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். குமரவேல் அவளிடம், நாங்கள் செய்த விமானம் தவறு, நிஜத்தில் இறக்கை அப்படி விழாது என்று எதையும் மறைக்காமல் சொன்னார். ஓட்டிக் காட்டவும் செய்தார். விமானம் லேசாக நடுங்கியது, மூக்கைத் தாழ்த்தியது, மறுபடி பறந்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்டிக்கைத் தொடவில்லை.

"எனக்காக மாத்திட்டு வந்திருக்கீங்க மாமா."

"இல்ல கண்ணு, இதுதான் நெசம்."

"முன்ன இருந்ததைத்தான எல்லாரும் நெசம்னு எழுதியிருக்காங்க. நானும் படிச்சனுங்க. நான் போறதுக்காக இப்படிச் சாதுவா செஞ்சு கொண்டாந்திருக்கீங்க."

குமரவேல் என்னைப் பார்த்தார். யோசித்துப் பாருங்கள். நாம் கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும், இதுதான் நிஜம் என்று கம்ப்யூட்டரை வைத்தே நிரூபிக்க முடியாது. இரண்டு விமானமும் நாங்கள் செய்ததுதான். அவள் எதை நம்புவாள்? சுகன்யா லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டார்.

நான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி பேசினேன். அப்படித்தான் எனக்கு வரும்.

"கண்ணு, மாமா சொல்றதை நம்ப வேண்டாம். நான் சொல்றதையும் நம்ப வேண்டாம். நான் கார் கத்துக்குடுக்கறப்ப என் கால்கிட்ட தனியா ஒரு பிரேக் இருக்கும். பயப்படறவங்களை ஓட்டவே சொல்லமாட்டேன். நானே ஓட்டுவேன், அவங்க கையை மடியில வெச்சுட்டுச் சும்மா பார்க்கோணும். உங்க டீச்சருக்கும் அந்தப் பக்கம் எல்லாமே இருக்குதில்ல? அவங்களைப் பண்ணச் சொல்லு. நீ எதையும் தொடாத. ஒரே ஒருக்கா பாரு. அதுக்கப்புறமும் வேண்டாம்னா வந்துடு, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டோம்."

"தொடாமயே பார்க்கலாமுங்களா?"

"அவங்ககிட்ட நான் பேசிட்டேன் கண்ணு."

அக்கா வாசற்படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாரணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவள், "ஒருக்காதானுங்க" என்றாள்.

காரில் ஏறியதும் குமரவேல் சொன்னார். "அவ பார்த்துட்டு வந்து சொல்லட்டுங்க. அது வரைக்கும் வெளியிட வேண்டாம்."

"தீபாவளிக்குன்னு சொல்லியாச்சுங்களே?" என்றார் சுகன்யா.

"சொன்னது நான்தான, நானே மாத்திச் சொல்லிக்கறேன்."

அவர் அப்படிச் செய்ததால் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி போயிற்று, குழுவில் கிண்டல் செய்தார்கள். பிறகு வெளியானபோது, முன்பு இருந்ததைக் கெடுத்துவிட்டார்கள், ரொம்பச் சாது என்று ஒரு சிலர் எழுதினார்கள். அதே விமானத்தில் நிஜமாகப் பறக்கிற சிலரும் எழுதினார்கள். அவர்கள் அதிகம் எழுதவில்லை, ஆளுக்கு ஒரு வரி. எது உங்களுக்கு முக்கியம் என்று நான் சொல்லப்போவதில்லை. "நிஜத்தில் இப்படி இருக்காது" என்று யார் எழுதினாலும், இவர் அதில் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் முதலில் கேளுங்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் நிறைவாகத்தான் இருக்கிறது. விற்பனையால் வந்த நிறைவு இல்லை அது. தாரணி போன் செய்த அந்தச் சாயங்காலத்தால் வந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஆபீஸில் இருந்தோம். குமரவேல் ஸ்பீக்கரில் போட்டார். அவர் "கண்ணு" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

"மாமா, நீங்க கொண்டாந்ததும் தப்புங்க."

குமரவேல் போன் பக்கம் குனிந்தார். "இறக்கை விழுந்துச்சா கண்ணு?"

"அதெல்லாம் இல்லீங்க. மூக்கைத் தாழ்த்துச்சு, அவ்வளவுதான். ஆனா அந்த நடுக்கம் இருக்குதில்லீங்க, அது நீங்க செஞ்சதுல கடைசி நேரத்துலதான் வருது. நெசத்துல வெகு முன்னாடியே ஆரம்பிச்சுடுதுங்க. முதல்ல ஸ்டிக்குல லேசா, அப்புறம் சீட்டுல, முதுகுலயெல்லாம். நான் வாரேன், நான் வாரேன்னு சொல்லிட்டே வருதுங்க. டீச்சர் ஒருக்கா பண்ணாங்க. அப்புறம் நானே பண்ணேனுங்க."

சுகன்யா அதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டு, விமானத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு முன்னாடி அம்மணி? வேகம் எவ்வளவு இருக்கறப்ப ஆரம்பிக்குது?"

அந்தப் பக்கம் அவள் யோசிப்பது தெரிந்தது.

"அதைப் பார்க்கலீங்களே. இருங்க, நாளைக்கு மறுபடியும் பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேனுங்க."